மதினியிடம் மாட்டிய புத்தகம்

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்று தமிழ் டீச்சர் எங்களைப் பள்ளி நூலகத்துக்கு அழைத்துப் போய், ஆளுக்கொரு நாவலை அவரே எடுத்துத் தந்தார்.

"லீவுல படிச்சிட்டு வாங்க. கதையச் சொல்ல வேண்டாம், அது எனக்கே தெரியும். எந்த இடம் உங்களுக்கு ஒத்துக்கலையோ அதச் சொன்னா போதும்."

எனக்குக் கிடைத்தது தடித்த புத்தகம். கரிசல் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணின் கதை. படிக்கும் எண்ணம் எனக்குப் பெரிதாக இல்லை. தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்றால்தான் போனில் சிக்னல் வரும். லீவு முழுக்க அங்கேயே நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். புத்தகம் அரிசி டிரம்மின் மேல் கிடந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மதினிக்குச் சங்கரன்கோவில் பக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். மலைக்கு வந்ததும் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கியிருந்தார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேச அவருக்கு இங்கே ஆளில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி எடுக்கப் போன மதினி திரும்பி வரவே இல்லை. அம்மா போய்ப் பார்த்தால், ஒரு கையில் படியும் மறு கையில் புத்தகமுமாக நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒல கொதிக்குது. பொஸ்தகத்தையா வடிக்கப் போற?"

"ரெண்டு பக்கந்தான் அத்தை. இந்தா வாறேன்."

மறுநாள் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் தேயிலைக் காட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் படித்தாராம். அவர் கைக்குப் போன பிறகுதான் எனக்கு அது வேண்டுமென்று தோன்றியது.

"மதினி, அது எனக்குக் குடுத்தது."

"நீதான் தொடவே இல்லையே."

"இனிமே படிப்பேன்."

"அப்பம் பகல்ல நீ வச்சுக்க. வேல முடிஞ்சு வந்து நான் படிச்சுக்கிடுதேன்."

அப்படித்தான் நடந்தது. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவக்கூடப் போகாமல், எதுவரை வந்தாய் என்று கேட்பார். நான் பின்தங்கியிருந்தால் மேற்கொண்டு என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவேன் என மிரட்டுவார். அதற்குப் பயந்தே படித்தேன். போனை மறந்திருந்த நாட்களும் உண்டு.

கதை முடிவில், பல வருஷம் முன்பு வீட்டைவிட்டுப் போன கணவன் திரும்பி வருகிறான். அவள் ஒன்றும் பேசாமல் சோறு போடுகிறாள். எனக்கு அழுகை வந்தது. மதினிக்குக் கோபம்தான் வந்தது.

"எங்க போனேன்னு ஒரு வார்த்த கேட்டாளா? அம்புட்டு ஆட்டையும் ஒத்தையில மேச்சவ இதக் கேக்க மாட்டாளா? எழுதுனவரு அவள கேக்க விடல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, "யாரச் சொல்ற?" என்றான்.

"பொஸ்தகத்துல உள்ளவன."

ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். கேட்கத் தேவையில்லை என்று பாதிப் பேர், கேட்டே ஆகவேண்டும் என்று பாதிப் பேர். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இது உனக்குத் தோணுனதா?" என்றார்.

"எங்க மதினிக்குத் தோணுனது டீச்சர்."

"என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது."

அன்றிலிருந்து டீச்சர் எனக்கு ஒன்றும் மதினிக்கு ஒன்றுமாகப் புத்தகம் கொடுத்தனுப்பினார். அந்த மழைக்காலம் முடிவதற்குள், வேலைக்குப் போகிறவர்களும் பத்தாம் வகுப்புக்கு ஈடாகத் தேர்வு எழுதலாம், அதற்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது என்றும் சொல்லியனுப்பினார். அதைத் துல்யதா என்று இங்கே மலையாளத்தில் சொல்வார்கள்.

"கணக்கு எனக்கு வராதே" என்று மதினி தயங்கினார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அம்மாதான் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஒல நான் வச்சுக்கிடுதேன். நீ போயிட்டு வா."

மதினி பயந்தபடியே முதல் தடவை கணக்கில் போய்விட்டது. பிறகு மறுபடி எழுதித் தேறினார். இப்போது எஸ்டேட்டில் எங்கள் டிவிஷன் அங்கன்வாடியில் அவர்தான் டீச்சர்.

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கோடுதான் தேறினேன். வீட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மதினி தேறிய அன்று அண்ணன் டவுனுக்குப் போய்க் கோழி வாங்கி வந்தான்.