நான்காம் வீட்டு அடைப்பு

என் வளவின் நான்காம் வீட்டில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள், கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்று கேட்பதற்கு முன்னால், "இங்கன அடைப்பு ஏதும் கிடக்கா, அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார்கள். அவிட்டம் முதல் ரேவதி வரை அடுத்தடுத்து வரும் ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். அதுதான் அடைப்பு. பூட்டின வீட்டுக்கு எவன் வாடகை தருவான்? சுவரை ஒட்டிய வீட்டுக்காரனும் அந்த வாரமே சட்டி பானையைத் தூக்கிவிடுவான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன மகராசன், வாடகைக்கு விட்டுப் பார் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டான். ஆற்றங்கரையில் என் மனைவிக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த வயல் ஒன்று இருந்தது. அதைக் கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவரிடம் ஒத்தி வைத்து, ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் சுற்றி ஆறு வீடுகள் கொண்ட இந்த வளவைக் கட்டினேன். பள்ளிக்கூடமும் சர்க்கார் கச்சேரியும் உள்ள ஊர். வாத்தியார்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் பஞ்சமில்லை. ஆறு வீட்டு வாடகையையும் சேர்த்து நான்கு வருஷத்தில் வயலை மீட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கெடுவுக்குள் மீட்காவிட்டால் வயல் அவருக்கே. பத்திரத்தில் பெருவிரலை வைக்கும்போது, "மீட்டுத் தந்துருவியளா?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "என்னையப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அப்படித்தான். பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

நான்காம் வீட்டில் ஒரு கிறிஸ்தவ வாத்தியாரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சாத்தான்குளம். மாதம் பிறந்ததும் வாடகையை அவளே கொண்டுவந்து என் மனைவி கையில் கொடுப்பாள். கூடவே ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் இரண்டு வட்டும் வரும். கெடு முடிய ஒரு வருஷம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் பேச்சு குழறியது.

நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். மறுநாள் அவிட்டம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் பிழைப்பாளா என்று நான் யோசிக்கவில்லை. என்றைக்குச் சாவாள் என்றுதான் யோசித்தேன்.

வாத்தியாரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். "தப்பா எடுக்காதேயும். தாய் வீட்டுல இருந்தா பக்குவமாப் பாப்பாங்க. நாளைக்கு அவிட்டம் வேற."

"எங்களுக்கு நாளு நட்சத்திரம்லாம் கிடையாதே, அண்ணாச்சி."

"உமக்கு இல்ல வே. வீட்டுக்கு உண்டு."

வண்டிக்கூலியை நானே கொடுக்கிறேன் என்றேன். ஆகா, என்ன தாராளம்!

அன்று உச்சி வெயிலில் வண்டி வந்தது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயை விரித்து அவளைக் கிடத்தினார்கள். என் மனைவி வண்டிக்காரனிடம், "பைய ஓட்டுங்க" என்றாள். அப்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"வீட்ட வேற ஆளுக்கு விட்டுராதிய, அண்ணாச்சி. நான் வந்துருவேன்."

"ஆகட்டும் தாயி" என்றேன்.

ஐந்து நாளும் கழிந்தன. ரேவதி முடிந்த அன்று, அப்பாடா, வளவு தப்பித்தது என்று ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார். சாவியையும் அந்த மாதத்து முழு வாடகையையும் நீட்டினார். "புறப்படும்போதே காய்ச்சல் இறங்கத்தான் செஞ்சிருக்கு, அண்ணாச்சி. வண்டிக் குலுக்கல்ல திரும்ப ஏறிட்டு. முந்தாநாள் போயிட்டா." படி இறங்கியவர் திரும்பினார். "பஞ்சாங்கம் பாக்குதவர்ட்ட விசாரிச்சேன். அன்னைக்கு அசுவினியாம். அதுக்கு அடைப்பு கிடையாதாம். இங்கனயே கிடந்திருக்கலாம்."

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பேன். அவர் ஏசவில்லை.

அடுத்த மாதம் வள்ளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா வீடு கேட்டார். நான்காம் வீட்டைத் திறந்து காட்டினேன். உள்ளே கருப்பட்டி வாசனை அப்படியே இருந்தது. "அடைப்பு ஏதும் கிடக்கா, அண்ணாச்சி?" என்றார். இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். சத்தியமான வார்த்தை. ஆனால் விட்டுராதிய, விட்டுராதிய என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னாலிருந்து என் மனைவி, "அது அடைப்பு வீடு. விடுததுக்கு இல்ல" என்றாள்.

அவர் போனதும் கத்தினேன். "கூறு கெட்டவளே! ஒரு வீட்டு வாடகை நின்னா கெடுவுக்குள்ள மீட்க முடியாது. ஏட்டி, போறது உன் வயலு!"

"போட்டும்" என்றாள்.

பேச்சு பரவி ஐந்தாம் வீட்டுக்காரரும் காலி செய்தார். தை மாதம் கெடு முடிந்தது. வயல் போயிற்று. அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அந்த வரப்பு வழியாகத்தான் இன்னமும் போகிறாள். ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

அங்கே பேய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பல்லிகூடச் சத்தம் போடவில்லை. தெருவில் மாட்டு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். விறகு வண்டி. இப்போதும் எந்த வண்டி நின்றாலும் போய்ப் பார்க்கிறேன்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு புது வாத்தியார் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, "அடைப்புன்னா ஆறு மாசந்தானே, அண்ணாச்சி? எப்பம் முடியும்?" என்று கேட்டார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

"குடியிருந்த அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்றேன். "வந்துருவா."