தென்கரை மதகில் விலாங்குக் குஞ்சுகள்

கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், இருபது வருடம் கழித்து ஒரு வெள்ளை வேனில் திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினாள். மீன் ஆராய்ச்சியில் பெரிய ஆளாகியிருந்தாள். தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் ஒரு பழைய அணைக்கட்டில், கடலிலிருந்து ஆறு ஏறி வரும் விலாங்குக் குஞ்சுகளுக்கு மேலே போக ஒரு வழி அமைப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. அந்த அணைக்கட்டின் தென்கரையை ஒட்டித்தான் என் மாமனாரின் நிலம் இருக்கிறது. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் நிற்கும் இடம் அது.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். படிப்பை முடித்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் கொச்சியில் மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்குமே நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. அவள் போனாள், நான் போகவில்லை. வீட்டில் தடுத்தார்கள் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் யாரும் தடுக்கவில்லை. அப்பா ரயில் டிக்கெட்கூட எடுத்துவிட்டார். இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களே என்று எனக்குத்தான் பயம். வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன்.

அதனால் அவள் மேல் எனக்கிருந்த பொறாமைக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. அவள் கிளம்பிப் போய் எடுத்துக்கொண்டது, நான் படுத்துக்கொண்டு கைவிட்டது.

வந்த முதல் வாரமே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். என் கணவர் அவளிடம் விலாங்கைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். விலாங்கு கடலில் பிறப்பதையும், குஞ்சுகள் மழைக்காலத் தண்ணீரை எதிர்த்து ஆறு ஏறி வந்து ஏரியிலும் மடுவிலும் பல வருடம் வளர்வதையும், முட்டையிடும் காலம் வந்ததும் மறுபடி கடலுக்கே போய்விடுவதையும் அவள் சொல்ல, அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இதையெல்லாம் நான் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் டிவி பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அணைக்கட்டுக்குப் போனோம். இரண்டு ஆள் உயரச் சுவர். அது வந்ததிலிருந்து மேலே விலாங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமலே போய்விட்டது. வடகரையில் தார் ரோடு இருக்கிறது, தண்ணீரும் அந்தப் பக்கம்தான் ஜாஸ்தியாக வழியும். தென்கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். அவள் வடகரையில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏய், நீ அடிக்கடி வருவியாமே. குஞ்சுங்க எங்கயாவது கூட்டமா நிக்கறத பாத்திருக்கியாடி?”

நான் பார்த்திருந்தேன். தென்கரையில் பழைய மதகு ஒன்று இருக்கிறது. மூடிப் பல வருடம் ஆனாலும் அதன் இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தில் சுவர் முழுக்கப் பாசி. ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும், மூட்டம் போட்ட விடியற்காலைகளில், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக, விரல் நீளத்தில், குஞ்சுகள் அந்தப் பாசியைப் பிடித்துக்கொண்டு ஏறும். முக்கால் சுவர் ஏறியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் விளிம்பு முட்டும். அங்கிருந்து விழுந்து, மறுபடி ஏறும். இரண்டு நோட்டு நிறையத் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதியவை.

“குறிப்பா எங்கயும் பாத்ததில்ல,” என்றேன்.

அந்த நேரத்தில் அது பொய் மாதிரியே தோன்றவில்லை. என்னிடம் இருந்த ஒரே பொருளைக் கைக்குள் மூடிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. பெரிய படிப்பு படித்தவள்தானே, தானே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் வடகரையைத் தேர்ந்தெடுத்தாள். நியாயமான முடிவுதான். தண்ணீர் அங்கேதான் ஓடுகிறது, வேனும் அங்கேதான் போகும். அகலமான பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, உள்ளே தேங்காய் நார்ப் பாயைப் பதித்து, ஆற்றிலிருந்து சுவர் உச்சி வரை சாய்வாகப் பொருத்தினார்கள். மேலேயிருந்து ஒரு ஹோஸ் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். குஞ்சு ஈர நாரைப் பிடித்து ஏறி, உச்சியில் வைத்திருக்கும் மூடி போட்ட வாளியில் விழ வேண்டும். காலையில் எண்ணிப் பார்த்து அணைக்கு மேலே விட்டுவிடலாம். எவ்வளவு எளிமையான ஏற்பாடு! இது எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆற்றில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் ஒருவரை அவள் வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். மதகில் குஞ்சுகள் ஏறுவதை ஒருமுறை நானே அவருக்குக் காட்டியிருக்கிறேன். அதுவரை அவர் அவற்றை ஏதோ புழு என்று நினைத்திருந்தாராம். குழாயைப் பொருத்திய அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“டீச்சர், மதகு விஷயத்த அந்தம்மாகிட்ட சொல்லலீங்களா?”

சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர்கள் கணக்குப்படி வடகரைதான் சரியாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். படித்தவர்களுக்குள் பேசி முடித்த விஷயத்தில் தனக்கென்ன என்று விட்டிருப்பார். முதல் பொய்யைக்கூட மறந்துவிடலாம். இந்த இரண்டாவதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

மழை வந்தது, ஆறு நிறைந்தது. தினமும் காலையில் அவள் வாளியைத் திறந்து பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவாள். “இன்னிக்கும் இல்லடி.” பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் அதைப் படிப்பேன். முதல் சில நாள் எனக்குள் ஒரு இனிப்பு பரவியதை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் அன்றைக்கெல்லாம் நன்றாகப் பாடம் நடத்தினேன். நாளாக ஆக அந்த இனிப்பு குறைந்தது, ஆனாலும் முழுதாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தென்கரைக்குப் போய்ப் பார்த்தேன். வழக்கம்போலக் குஞ்சுகள் ஏறின, விளிம்பில் முட்டி விழுந்தன. எதிர்க்கரையில் அவளுடைய மஞ்சள் ரெயின்கோட் சின்னதாகத் தெரிந்தது. நான் முள்ளுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

ஐப்பசி பாதி தாண்டியதும் போன் செய்தாள். குரலில் சுரத்தே இல்லை. ஒரு பருவத்துக்குத்தான் அனுமதியாம். வாளி கடைசி வரை காலியாக இருந்தால் அறிக்கையை முடித்துவிட வேண்டுமாம். “விலாங்குக் குஞ்சு இவ்ளோ தூரம் ஏறி வர்றதில்ல, இங்க வழி தேவையில்லைன்னு எழுதிடப் போறேன்,” என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவள் தோற்றுவிட்டாள். நான் ஆசைப்பட்டது இதுதானே. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. குஞ்சுகள் வருவதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்தச் சுவர் பக்கம் யாரும் வரப்போவதில்லை. அவை வருவது உலகத்தில் எனக்கும் அந்தப் பரிசல்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பரிசல்காரரின் வாயையும் நான் அடைத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று பௌர்ணமி என்பதே எனக்கு நினைவில்லை. அவள் அடி அண்ணாமலையில் வாடகைக்கு இருந்தாள். கிரிவலக் கூட்டத்தால் ஆட்டோ விடவில்லை, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ‘நான் எட்டு வருஷம் முந்தியே கண்டுபிடிச்சது’ என்றுதான் ஒவ்வொரு தடவையும் அது தொடங்கியது. மன்னிப்புக் கேட்கப் போகும்போதுகூட நான்தான் முந்தி என்று சொல்லவே மனது துடித்தது. அதைக் கவனித்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டே போயிற்று.

கதவைத் திறந்தவளுக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். “கிரிவலமாடி? வா வா, காபி போடறேன்,” என்றாள். நான் உட்காரவில்லை. நோட்டுகளை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். தேதி, நேரம், மூட்டமா வெயிலா, எத்தனை குஞ்சு என்று என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. மதகின் படம்கூட ஒரு பக்கத்தில் வரைந்திருந்தேன். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இது எத்தன வருஷமா தெரியும்?”

“எட்டு.”

“நான் உன்ன கேட்டனே.”

“கேட்ட.”

“ஏன் சொல்லல?”

என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது ஒரு வார்த்தைதான். “பொறாமை,” என்றேன். பரிசல்காரரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் திட்டவில்லை. நோட்டை மூடி மேஜை மேல் வைத்தாள். வெளியே ‘அரோகரா’ என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பிறகு, “நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தென்கரைக்கு வந்துடுங்க, டீச்சர். இடத்தக் காட்டணும்,” என்றாள்.

கல்லூரி முதல் நாளிலிருந்து நாங்கள் ஒருத்தியை ஒருத்தி ‘வாடி போடி’ என்றுதான் பேசியிருக்கிறோம். அந்த ‘வந்துடுங்க’ காதில் விழுந்ததும், அவள் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. காபி வரவில்லை. திரும்பக் கூட்டத்தில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே வடகரையிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினார்கள். வேன் போகாததால் குழாய்களையும் நார்ப் பாய்களையும் பரிசலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார் பரிசல்காரர். நான் அரிவாளை எடுத்து முள் வெட்டினேன், கையெல்லாம் கீறல். பரிசல்காரரிடமும் நேராகவே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தம்மா தினம் காலி வாளிய பாத்துட்டு நிக்கறப்ப எனக்கே கஷ்டமா இருந்திச்சிங்க,” என்று மட்டும் சொன்னார். சிமெண்ட் விளிம்பைத் தாண்டிப் போகிற மாதிரி சாய்வை மாற்றிப் பொருத்த இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் காலை தூறல். அவள் முன்னால் போய் வாளியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஏழு குஞ்சுகள், கண்ணாடிக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு நிறம். அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து பரிசல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, பாருங்கண்ணா,” என்று அழுதாள். நான் இரண்டடி பின்னால் நின்றேன். எட்டு வருடமாக விழுந்து விழுந்து ஏறியதை நான் பார்த்த அந்தக் குஞ்சுகள், இதோ மேலே வந்துவிட்டன. எனக்கும் கண் நிறைந்தது. அதே கணத்தில், அவள் பிடித்திருந்த அந்தக் கை மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இதெல்லாம் நடந்த பிறகாவது அந்தக் குணம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

அந்தப் பருவம் முடிவதற்குள் வாளி பல தடவை நிறைந்தது. அனுமதியை நீட்டித்தார்கள். அறிக்கையில், தென்கரையில் குஞ்சுகள் கூடுவதை உள்ளூர் ஆசிரியை ஒருவர் நெடுநாளாகப் பதிவு செய்து வந்திருக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை. நான் செய்த காரியத்துக்கு அந்த ஒரு வரியே ஜாஸ்தி. ஆனாலும் பெயர் எங்காவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன்.

இப்போது அவள் வேறொரு ஆற்றில் வேலை பார்க்கிறாள். குழாயைப் பரிசல்காரர் பார்த்துக்கொள்கிறார். நாரில் அடைக்கும் குப்பையை எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன்.

போன மாசி மாதம், அணைக்கு மேலே ஒரு ஏரியில் தூண்டில் போட்டவர் பாம்பு மாதிரி ஏதோ மாட்டியிருக்கிறது என்று பரிசல்காரருக்குப் போன் செய்ய, நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். பக்கெட்டில் ஒரு இளம் விலாங்கு சுருண்டு கிடந்தது. என் பேனாவைவிட நீளம், நல்ல கொழுப்பு. அவர் வயதுக்கு அந்த ஏரியில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம். பரிசல்காரர் பேசிப் புரியவைத்ததும் தூண்டில் போட்டவர் மறுபேச்சில்லாமல் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

ஏரிக்கரையில் நின்றே அவளுக்குப் போன் செய்தேன். மணி வெகு நேரம் அடித்தது. எடுத்ததும் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“எத்தன சென்டிமீட்டர்?” என்றாள்.

“அளக்கல. விட்டுட்டோம்.”

“அடுத்த தடவ அளந்துட்டு விடுங்க.”

சரி என்றேன். திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடையில் ஒரு இஞ்ச் டேப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.