மழையை நிறுத்தாத கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

தேவாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பெயர் சுகன்யா. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கு அதே எஸ்டேட் ஃபாக்டரியில் இலை காய வைக்கும் டிரையர் பக்கம் வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ முடித்த அந்த ஜூலை மாதத்தில், நான் சபையில் எழுந்து ஒரு சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு என் வாழ்க்கையில் வந்த ஏழு நாட்களை என் சத்துருவுக்கும் வேண்டிக்கொள்ள மாட்டேன்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அதைப் பற்றிச் சொன்னார். அவர் படித்த இடம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு எனக்கு. போனில் அந்தக் கல்லூரியின் படங்களைப் பார்த்துப் பார்த்து, லைப்ரரி எந்தப் பக்கம், ஹாஸ்டல் எந்தப் பக்கம் என்று மனப்பாடமாகத் தெரியும். ஆங்கில இலக்கியம் அங்கேதான் படிப்பேன் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஜூன் மாதக் கடைசியில் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா அழுதார். கூடவே பீஸ் விவரமும் வந்தது. கல்லூரிக்குத் தனி, ஹாஸ்டலுக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. அம்மா அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுதார், ஆனால் இது வேறு அழுகை. ஜூலை இருபதாம் தேதிக்குள் அப்பாவும் நானும் நேரில் போய் முதல் தவணையைக் கட்ட வேண்டும்.

கூடலூர் அரசுக் கல்லூரியிலும் விண்ணப்பம் போட்டிருந்தேன். அதே ஆங்கிலம்தான். அங்கே முதல் பட்டியலிலேயே பெயர் வந்தது. போய்ச் சேரச் சொல்லி மெசேஜும் வந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எஸ்டேட் ஸ்கூலில் இருந்து பஸ் ஏறினால் கூடலூர், கூடலூரில் இருந்து பஸ் ஏறினால் எஸ்டேட், இதற்கா இவ்வளவு படித்தேன் என்று எனக்குக் கோபம். அரசுக் கல்லூரியில் சேர்வது விசுவாசம் இல்லாதவர்கள் செய்யும் காரியம் என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். ஆண்டவரே, பணத்தைக் கொடும் என்று ஒன்று. இந்த மழையை நிறுத்தும் என்று இன்னொன்று. எங்கள் பக்கத்து ஜூலை மழை உங்களில் பலருக்குத் தெரியும். துணி பத்து நாளானாலும் காயாது. ரோடு மூடிவிட்டால் எப்படிச் சென்னை போவது என்ற பயம் எனக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். காலைக் கழுவிக்கொண்டே, பதினெட்டாம் தேதிக்குள் பணம் வந்துவிடும், பெட்டியைக் கட்டு என்றார். எங்கிருந்து என்று அம்மா கேட்டார். வரும் என்றேனே, வரும், என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் அப்பா சபைக்கு வருகிறவர் இல்லை. கோவிலுக்கும் பெரிதாகப் போக மாட்டார். இலங்கையில் இருந்து ஆறு வயதில் கப்பலில் வந்தவர். இன்றைக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், ஏலாது என்றுதான் சொல்வார். பேச்சு அவ்வளவு சுருக்கம். அவிசுவாசியின் வாயாலேயே ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஒரே ஆனந்தம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கையில் வருவதற்கு முன்பே, வந்துவிட்டது என்று விசுவாசித்து எழுந்து சாட்சி சொல்வது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தேன். கர்த்தர் எனக்குச் சென்னைக் கல்லூரியைக் கொடுத்துவிட்டார், பணத்தையும் கொடுத்துவிட்டார் என்று மைக்கில் சொன்னேன். சபைப் பெண்கள் சேர்ந்து எனக்கு ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்கள். சக்கரம் வைத்த நீலநிற சூட்கேஸ். எங்கள் லைனுக்கு ஏறும் பாதை கல் பாதை என்பதால் அதைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, வருமானச் சான்றுக்காக ஒரு கடிதம் வாங்க எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே கிளார்க் ஒருவர் இருக்கிறார், மலையாளி, நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் காலேஜ் கிடைத்ததற்கு வாழ்த்தினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"வீடு எங்க பாத்திருக்கீங்க மோளே? கூடலூர்லயா?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு மேசை மேல் இருந்த தட்டைக் காட்டினார். மேனேஜர் பார்க்க வேண்டிய கடிதங்கள் அதில் இருந்தன. மேலாக ஒரு கவர், அப்பாவின் கையெழுத்து. கொடுக்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவே கிளார்க்கிடம் சொல்லியிருந்தாராம்.

அப்பா பேரை வெட்டிக்கொள்ள எழுதிக் கொடுத்திருந்தார். எஸ்டேட் பேச்சில் அதற்கு அர்த்தம் வேலையை விட்டு நிற்பது. பேர்ப் பட்டியலில் இருந்து பெயர் போனால் சம்பளத்தில் பிடித்து வைத்த பணமெல்லாம் கைக்கு வரும். கூடவே லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மா தினக்கூலிக்குத்தான் பறிக்கிறார், அவர் பெயரில் வீடு கிடையாது. அப்பாவுக்கு இன்னும் எட்டு வருட சர்வீஸ் பாக்கி. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேராக அப்பாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாட்சி என்றால் இதையும்தான் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. தெரியாத மாதிரியே இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது யாருக்குத் தெரியும்? நான் படித்து வேலைக்குப் போய் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு சபையில் சொல்லியாகிவிட்டது. சூட்கேஸ் வேறு கட்டிலுக்கடியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். ஸ்தோத்திரம் சொல்லத்தான் போனேன். வாயே வரவில்லை. இந்தப் பணத்துக்காக எப்படி ஸ்தோத்திரம் சொல்வது? கடைசியில் என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபத்தைச் செய்தேன். ஆண்டவரே, விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. நீரே என்னை இழுத்து விடும். அப்பா பெயர் பட்டியலில் இருக்கட்டும். அவ்வளவுதான். அழுகை நிற்க ரொம்ப நேரமானது.

முகம் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். எங்கள் பள்ளி குரூப்பில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஊட்டி–கூடலூர் ரோட்டில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்து மரங்கள் விழுந்து பாதை மூடிவிட்டது. அதனால் கூடலூர் அரசுக் கல்லூரியில், வர முடியாதவர்களுக்காகச் சேர்க்கையை இன்னும் இரண்டு நாள் நீட்டித்திருக்கிறார்கள். எனக்கான தேதி போன வாரமே முடிந்துபோயிருந்தது. இப்போது கதவு மறுபடியும் திறந்திருந்தது.

ஆபீசுக்குப் போன் செய்து, மேனேஜர் வந்துவிட்டாரா என்று கிளார்க்கிடம் கேட்டேன். மீட்டிங்குக்காகக் குன்னூர் போனவர், ரோடு மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டார் என்றார். கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தது. எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்து கேட்டால் மட்டுமே திருப்பித் தர முடியும் என்றார். நான் எந்த மழையை நிறுத்தச் சொல்லி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேனோ, அந்த மழைதான் மேனேஜரை அந்தப் பக்கம் பிடித்து வைத்திருந்தது.

அப்பாவிடம் போய்க் கெஞ்சினால் ஏலாது என்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவரிடம் போகவில்லை. சர்டிபிகேட் பைலை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். சந்தோஷ அழுகை ஒன்றுமில்லை. மூன்று வருடக் கனவு போகிறதே என்ற அழுகைதான்.

கல்லூரி ஆபீசில் டி.சி.யையும் மார்க் சீட்டையும் ஒரிஜினலாகக் கேட்டார்கள். கொடுத்துவிட்டால் வேறு கல்லூரியில் சேர முடியாது. அதற்காகத்தான் வந்தேன், ஆனால் கவுண்டரில் வைத்த பிறகும் என் கை அந்தத் தாள்களின் மேலேயே இருந்தது.

"கைய எடும்மா," என்றார் அங்கே இருந்தவர். கை வந்துவிட்டது. நானாக எடுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் ஃபாக்டரி கேட்டில் அப்பாவுக்காக நின்றேன். குடைக்குள் வைத்துச் சேர்க்கை ரசீதைக் காட்டினேன். அதை இரண்டு முறை படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்னய ஒரு வார்த்த கேக்காம இத செஞ்சிட்டியா?"

"நீங்க என்னய கேட்டுட்டுத்தான் பேர வெட்டிக்க எழுதிக் குடுத்தீங்களாப்பா?"

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"நீ இந்த மலைய விட்டுக் கீழ எறங்கிப் போயிரணும்னு நெனச்சேன் புள்ள. எங்களுக்கு என்னா, எங்கயாச்சும் இருந்துக்குவோம்."

"எறங்கிப் போவேன்ப்பா. நம்ம வீட்லருந்தே போவேன்."

மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பே ஆபீசுக்குப் போய்க் கவரை வாங்கிவிட்டார். கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அம்மா அரிசி களையும்போது அப்பா அடுப்புக்குள் எதையோ போட்டார், அது நன்றாக எரிந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை ரோடு திறந்தது, மேனேஜரும் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மைக்கைப் பிடித்தேன். கல்லூரியை விட்டதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. போன வாரம் நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன், என் அப்பா வேலையை விட்டுக் கொண்டுவர இருந்த பணத்தைக் கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன் என்றேன். பின்னால் ஒரு அக்கா, விசுவாசம் பத்தவில்லை என்று பக்கத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. பழைய சுகன்யாவாக இருந்தால் மைக்கிலேயே பதில் கொடுத்திருப்பேன். அன்று உட்கார்ந்துவிட்டேன். சூட்கேஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், பாஸ்டரம்மா வாங்க மறுத்துவிட்டார். இப்போது அதில் எங்கள் குளிர்காலத் துணிகள் இருக்கின்றன.

இந்த ஏப்ரலில் என் கடைசிப் பரீட்சை முடிந்தது. தினமும் நனைந்துகொண்டு பஸ்ஸில் போய் வந்துதான் படித்தேன். எங்கள் லைனில் இருந்து இந்த வருடம் இன்னும் இரண்டு பெண்கள் அதே கல்லூரியில் சேரப் போகிறார்கள், அவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கல்லூரியில் எனக்குக் கிடைத்த பேராசிரியை ஒருவர், மேல்படிப்புக்கு உதவித்தொகையோடு எங்கெங்கே எழுதலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னைக் கல்லூரியின் படம் எப்போதாவது போனில் வந்தால் இன்றைக்கும் கொஞ்சம் வலிக்கும். வலி போய்விட்டது என்று சொல்லி இன்னொரு தவறான சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்பா ஷிப்ட் முடிந்து அதே வீட்டுக்கு வந்து கால் கழுவும் சத்தம் கேட்கும்போது என் மனம் நிறைந்துவிடுகிறது.

இதை வாசிக்கிற அம்மாமாரே, அப்பாமாரே, என்னைப் போலப் பரீட்சை முடித்துக் காத்திருக்கிற தம்பி தங்கைகளே, தைரியமாகக் கேளுங்கள். பெரிய கல்லூரியையே கேளுங்கள். நம் ஆண்டவர் கேட்கிறவர்களைக் கடிந்துகொள்கிறவர் அல்ல, மனசில்லை என்று சொன்ன என்னையே அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் கேட்டது கைக்கு வரும்போது, ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம் நின்று, அது உங்கள் வீட்டில் யாருடைய கையில் இருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள்.