விலை சொன்னால் அண்டா உங்களுக்கு

பாத்திரக் கடையில் விலை சொல்வது கடைக்காரர் பாடு. எங்கள் கடையில் மட்டும் கொஞ்ச காலம் வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். இதை முறையாகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னே நடந்ததைப் பின்னே வைத்துவிட்டால் குற்றம் யார் மேல் என்பதே மாறிப்போகும். நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கியவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கடை காரைக்குடியில். எழுபதுகளின் தொடக்கத்தில், எதிரே இன்னொரு கடை வந்ததும், முதலாளி இந்தப் போட்டியைக் கொண்டுவந்தார். சந்தை நாளில் வாசலில் முக்காலி மேல் ஒரு பாத்திரம் இருக்கும். விலை எழுதிய சீட்டு என் சுருக்குப்பையில். கடையில் ஏதாவது வாங்கியவர் ஒரு தடவை விலை சொல்லலாம். அதற்கு முன் வாய்விட்டு எத்தனை தொகையும் சொல்லிப் பார்க்கலாம். 'இதுதான்' என்றுவிட்டால் முடிந்தது. ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் சொன்னால் பாத்திரம் அவருக்கு.

தூக்கிப் பார்த்த ஆச்சி

முதல் வாரம் வெண்கலப் பானை வைத்தோம். ஒரு ஆச்சி வந்து அதை வலது கையால் தூக்கினார், இடது கைக்கு மாற்றினார், கீழே வைத்தார். எடை இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு என்றார். சீட்டைப் பிரித்தேன். அதேதான். தராசில் வைத்திருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"நாலு பொண்ணுக்குக் கல்யாணத்துல சாமான் பரப்புனவ நான். வெங்கலம் என்ன விலை விக்கிதுன்னு எனக்கா தெரியாது? தூக்கி வண்டியில வையி."

கைலி வியாபாரி பாய்

அதற்குப் பிறகு பாத்திரத்தை யாரும் தொடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்றாம் வாரம் கைலி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வந்தார். எவர்சில்வர் குடத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ரூபாயாக ஏற்றிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்று, இதுதான் என்றார். குடம் அவருக்குப் போய்விட்டது.

போகும்போது திரும்பி வந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீக அக்கா. சரியான தொகை வந்ததும் உங்க கை தோட்டைத் தொட்டுச்சு. நான் அங்கனயே நிறுத்திட்டேன்."

வள்ளிக்கண்ணு

பாய் சொன்னது முதலாளி காதுக்கும் போனது. இன்னொரு பாத்திரம் போனால் நான் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். என் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்திருந்த சமயம் அது. அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

அடுத்த சந்தைக்கு எவர்சில்வர் அண்டா வைத்தார்கள். வள்ளிக்கண்ணு வந்தாள். கண்டரமாணிக்கத்துக்காரி, எனக்குச் சொந்தத்தில் தம்பி பெண்டாட்டி முறை. அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்டிருந்த ஒரே சாமான் அண்டா. அது மட்டும் சேரவில்லை. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். பாய் சொன்னது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

சீட்டில் நூற்றுப் பதினெட்டு. நான் முந்தானையை இரண்டு கையிலும் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலாளி பின்னால் நின்றார். அவள் நூற்றுப் பத்தில் தொடங்கினாள். பதினெட்டு வந்தது. அவள் கொஞ்சம் நிறுத்தி என் கையைப் பார்த்தாள். பிறகு தாண்டிப் போனாள். இருபத்தைந்தில், இதுதான் என்றாள்.

சீட்டைப் பிரித்துக் காட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"யார் யாருக்கோ அசைஞ்ச கை, எனக்கு அசையலையே மதினி."

போட்டி நின்றது

அன்று சாயங்காலமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: இனிமேல் சீட்டு உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும், விலை எனக்குத் தெரியவே வேண்டாம். அடுத்த வாரம் வந்தவர்கள் என் கையைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து போனார்கள். அதற்கடுத்த வாரம் நாலு பேர்தான் வந்தார்கள். ஒரு மாதத்தில் முதலாளி முக்காலியை உள்ளே எடுத்துவிட்டார்.

"சனம் பாத்திரத்துக்கு வரலைத்தா, ஒன்னையப் பாக்கத்தான் வந்திருக்கு."

விலை தெரியாதவள் என்று ஆனதில் என் வேலை தப்பியது, வள்ளிக்கண்ணுதான் இன்றுவரை இந்தத் தெருப் பக்கம் வருவதில்லை.