விசுக்கோத்து டின்னில் இருந்த விலாசம்

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, வருசம் சரியாகச் சொல்ல வராது. மாரி முடிந்தும் ஈரம் போகாத ஒரு தை மாதம் என்பது மட்டும் நல்ல நினைவு. கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் சின்னக் கந்தோர் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளைகளின் விவரங்களைப் பதிந்து வைத்து, யாருக்கும் ஒரு கஷ்டம் வந்தால் தேடிக் கொடுக்கிற சங்கம் அது. அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது என் வேலை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அந்தக் கந்தோரின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் கந்தோர்ச் சாவி வைத்திருந்த முதல் பொம்பிளை நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சங்கத்தின் தலைவர் ஒரு ஹாஜியார். பல வருசம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர், வரும்போது ஒரு கொம்பியூட்டரையும் கொண்டு வந்துவிட்டார். அதில் வேலை செய்யத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. கடைசியில் பெரியநீலாவணையிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், மெல்லிசு, கதை குறைவு, கொழும்பில் படித்தவள். நான் அவளை மிஸ் என்பேன். அவள் என்னை, எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ராத்தா என்பாள்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் அவள் இருந்து வேலை செய்வதைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோசம். எழுதினது எல்லாம் எங்கே போய் நிற்கிறது என்று ஒருநாள் கேட்டேன். பெட்டிக்குள் ஒன்றும் நிற்காது ராத்தா, கரண்டை நிப்பாட்டினால் எல்லாம் போயிடும், இதில்தான் நிற்கும் என்று ஒரு கறுப்புத் தகட்டை எடுத்துக் காட்டினாள். சதுரமாக, கடுதாசி மாதிரி மெல்லிசாக, நடுவில் ஒரு ஓட்டை. புளொப்பி என்று பெயராம். என் வாயில் அது கடைசி வரைக்கும் தகடுதான்.

அதில் இருக்கிறதுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பதில் மிஸ் பிடிவாதமாக இருந்தாள். எதில் வைப்பது, எங்கே வைப்பது என்று அவளுக்கும் ஹாஜியாருக்கும் இரண்டு கிழமை கதை நடந்தது. கடுதாசியில் அடித்து பைலில் போடுவோம் என்றார் ஹாஜியார். பழைய விண்ணப்பப் பாரங்களைக் கறையான் தின்றதை மிஸ் எடுத்துக் காட்டினாள். பாட்டுக் கேட்கிற கசெட்டிலும் பதியலாமாம், அதையும் செய்து பார்த்தார்கள். அரை மணித்தியாலம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு, கடைசியில் மெசின் நாடாவைச் சப்பிவிட்டது. அப்போதுதான் மிஸ் முடிவு செய்தாள். தகட்டிலேயே இரண்டு பிரதி. ஒன்று கந்தோர் அலுமாரியில், மற்றது வேறு ஊரில். ஒரே கூரைக்குக் கீழே எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒன்றுதான் என்பாள்.

சூறாவளி அடித்த வருசம் எங்கள் கூரை போனதை நினைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி என்று அன்றைக்கே எனக்கு அவள் மேல் ஒரு மதிப்பு.

வேறு ஊர் என்றால் அவளுடைய வீடுதான். ஆனால் கடலோர வீடு, மாரியில் சுவரே வேர்க்கும். அதை யோசித்துக்கொண்டிருந்தவள் என்னைத்தான் கேட்டாள்.

"ராத்தா, மாரியில நீங்க சாமானெல்லாம் எப்பிடி வெக்கிற?"

படித்த பிள்ளை என்னிடம் கேட்டதும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. விசுக்கோத்து டின் ஒன்று எடுத்து, அரிசியைப் பொன்நிறமாக வறுத்து ஆறவைத்து, துணியில் முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டால் உள்ளே ஈரம் ஒட்டாது என்று சொன்னேன். என் காணி உறுதியும் பட்டுச் சாரியும் அப்படித்தான் இருக்கின்றன என்றேன். மிஸ் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் புதுப் பிரதி ஒன்று அவளுடைய பையில் வீட்டுக்குப் போகும்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மூத்த மகளும் வெளிநாட்டில்தான் இருந்தாள். மாசம் ஒரு கடுதாசி தவறாமல் வரும். திடீரென்று அது நின்றது. ஐந்து மாதம் ஒரு எழுத்து இல்லை. அவள் வேலை செய்த வீட்டு விலாசத்துக்கு எழுதினால் கடுதாசி திரும்பி வந்தது. ஐந்து நேரத் தொழுகையிலும் அழுதேன். அந்தத் தை மாதம் ஒரு புதன்கிழமை, அவளை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரர் போன் எடுத்து, அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிப் புது வீட்டுக்காரரின் பெயர், ஊர், தபால் பெட்டி இலக்கம் எல்லாம் கொடுத்தார். மிஸ் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே கொம்பியூட்டரில் அடித்தாள். ஹாஜியார் ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டுக்குத்தான் புறப்பட இருந்தார். போகும்போது விலாசத்தைத் தாருங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை கந்தோர் பூட்டு. நான் மட்டும் காலையில் போய்க் கழுவித் துடைப்பது வழக்கம். அன்றைக்கு அலுமாரியைத் திறந்தால் தகட்டு உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சணம். மகளின் விலாசம் இதில்தானே இருக்கிறது! வெளியே நல்ல வெயில். மாரிக்குப் பிறகு எங்கள் ஆட்கள் என்ன செய்வோம்? பாய், தலையணை, கருவாடு, கொச்சிக்காய் எல்லாவற்றையும் வெயிலில் போடுவோம். நானும் பாய் ஒன்றை விரித்து, அலுமாரியில் இருந்தது, மேசை லாச்சியில் இருந்தது என்று ஒன்று விடாமல் எடுத்து, உறையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, வரிசையாகக் காயப் போட்டேன். காகம் வராமல் பக்கத்தில் காவலும் இருந்தேன். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன நேரம் எடுக்கப் போனேன். எல்லாத் தகடும் நெளிந்து, ஓரம் சுருண்டு கிடந்தது.

அது கூடாது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. பார்த்ததும் விளங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் மிஸ்ஸும் ஹாஜியாரும் வந்தார்கள். நானே தகடுகளை மேசையில் வைத்து, நானே சொன்னேன். மிஸ் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மெசின் முக்கிவிட்டு நின்றது. ஹாஜியாருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நல்லா பப்படம் பொரிச்சி வெச்சிருக்கீங்க ராத்தா! இனி சோத்தையும் ஆக்கிப் போடுங்க, எல்லாரும் தின்னுவம்."

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. மிஸ் கதிரையை விட்டு எழும்பினாள்.

"ஏசாதீங்க ஹாஜியார். ஈரம் படாமப் பாருங்க எண்டு சொன்ன நான், வெயிலும் கூடாதெண்டு சொல்லல்ல. பிழை என்ட. வீட்டில மற்றப் பிரதி இரிக்கி."

வியாழக்கிழமைப் பிரதி! புதனில் அடித்த விலாசம் அதில் இருக்கும். ஆனால் அதற்குள் தெருவில் சத்தம் வந்துவிட்டது, ஹர்த்தால் என்று. நாடு சரியில்லாத காலம் அது. பஸ் நின்றது, கடைகள் பூட்டுப்பட்டன, ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்தாலும் எடுக்க ஆளில்லை, ஹாஜியாரின் வாகனத்தையும் வெளியே எடுக்க முடியாது. அவரோ விடிந்தால் கொழும்புக்குப் போக வேண்டும்.

மிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தெருவால் போக ஏலாது, கடற்கரையால் நடந்து போய்வருகிறேன் என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் முஸ்லிம் ஊர்களைத் தாண்டி ஒரு தமிழ்ப் பிள்ளை தனியே நடக்கிறது லேசான காரியமில்லை. அவளுடைய ஊருக்குள் என் முக்காட்டோடு நான் போகிறதும் அப்படித்தான். ஆனாலும் நானும் வாறன் என்று பின்னால் நடந்தேன். எங்கள் பக்கத்தில் நான் முன்னால், தமிழ் ஊரான பாண்டிருப்பில் அவள் முன்னால், எங்கள் ஆட்களின் மருதமுனையில் மறுபடி நான் முன்னால், அதைத் தாண்டினதும் அவள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் இவளை மகள் என்றேன், அவள் என்னை அம்மாவின் கூட்டாளி என்றாள்.

அவளுடைய வீட்டில் தாயார் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். குசினித் தட்டின் உச்சியில் இருந்து மிஸ் ஒரு டின்னை இறக்கினாள். மூடியைச் சுற்றி மெழுகு, நான் சொன்ன மாதிரியே. திறந்து பார்த்தாள். வறுத்த அரிசி முடிச்சு, அதன் மேல் துணி, துணிக்கு மேல் தகடுகள். ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. பாருங்க ராத்தா, உங்கட கைமருந்து என்றாள். அந்த இடத்தில்தான் நான் அழுதேன்.

திரும்பி வரும்போது டின்னை நான்தான் தலையில் வைத்துக்கொண்டேன். வெயில் பட்டுவிடும் என்று என் முக்காட்டை அவிழ்த்து டின்னுக்குப் போர்த்தினாள் மிஸ். என் தலைக்குத் தன்னுடைய தாவணியைத் தந்தாள். மருதமுனைக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர் கூப்பிட்டார்.

"என்ன ராத்தா, ஊரே பூட்டிக் கிடக்கு, உங்களுக்கு மட்டும் விசுக்கோத்தா? எங்களுக்கும் ரெண்டு தாங்களன்!"

"விசுக்கோத்தில்ல தம்பி, என்ட மகள் இதுக்குள்ள இரிக்கா" என்றேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பொம்பிளைக்கு மண்டை பிசகு என்று நினைத்திருப்பார். மிஸ் சிரிக்கத் தொடங்கினாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி கந்தோருக்கு வந்துவிட்டோம். மிஸ் தகட்டைப் போட்டாள். மெசின் கிர் கிர் என்று முனகியது. கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்து வரிசை வரிசையாக இறங்கியது. எனக்கு இங்கிலீசு தெரியாது. எது என் மகள் என்று கேட்டேன். மிஸ் என் விரலைப் பிடித்து ஒரு வரியில் வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது. ஹாஜியார் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, காலையில் நான் கதைச்சதை மனசில வெக்காதீங்க ராத்தா என்றார். அந்த மனிதருக்கும் அல்லாஹ் நன்மை செய்யட்டும்.

அவர் போய்த் தேடிப் பார்த்தார். என் மகள் டைபோயிட்டில் படுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து நடக்க முடியாமல் இருந்திருக்கிறாள். புது வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், எங்கள் விலாசம் அவர்களிடம் இல்லை. பாஷையும் தெரியாத இடத்தில் அவள் எழுதிக் கொடுத்த கடுதாசியை வாங்கின ஆள் அதைத் தபாலில் போடவே இல்லையாம். ஹாஜியார் கொண்டு வந்த அவளுடைய கடுதாசியை மிஸ்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்த வருசம் மகள் வந்து சேர்ந்தாள்.

மிஸ் பிறகு கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனாள். தன்னுடைய முறையை மாற்றவே இல்லை. கந்தோரில் என்ன புது மெசின் வந்தாலும் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் போனாள். அதன் கீழே, வெயிலில் காயப் போடக் கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி. எனக்காக. நான் அதைத் தினமும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்த மகள்தான். இப்போது அவளுக்கே நரை விழுந்துவிட்டது. கந்தோரை நம்பி வைத்த அவளுடைய விலாசத்தை, அவள் மேல் வைத்த பாசத்தால் நானே கெடுத்துப் போட்டேன், அதற்குப் பிறகும் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்தது, அடுத்த ஊரில் ஒரு பிள்ளை என் வாய்ச்சொல்லை மதித்து ஒரு பிடி அரிசி வறுத்ததால்தான். இன்றைக்கும் அடுப்பில் அரிசி வறுபடுகிற வாசம் வந்தால் நான் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் துஆ செய்கிறேன்.