பித்தளைப் பிடிகளைக் கழற்றிய தோட்டத்துக்கு மறுபடியும் போனேன்

1991 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், கதவிலும் கட்டிலிலும் இருந்த பித்தளைப் பிடிகளைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் பிடிகளை மாட்டியவன் நான். பித்தளை கறுத்துப்போய் அழுக்காகத் தெரிகிறது என்று நிர்வாகம் மாற்றச் சொன்னது. முடித்தபோது வார்டே பளபளத்தது. எனக்குப் பெருமை வேறு.

அடுத்த வருடம் பிரசவ வார்டில் கிருமி பரவி இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். வார்டைத் துடைக்கும் பாக்கியம் அக்காவின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லி, அவரைப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன். அவ்வளவுதான்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன், சிரம்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கதவைப் பழுதுபார்க்கப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். பித்தளைத் துண்டிலும் எவர்சில்வர் துண்டிலும் ஒரே கிருமியைத் தடவி, சில மணி நேரம் விட்டு, மிச்சத்தை எடுத்து வளர்த்தாராம். எவர்சில்வரிலிருந்து எடுத்து வளர்த்த தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள். பித்தளையிலிருந்து எடுத்தது வெறுமையாக இருந்தது.

"பித்தளையில கிருமி தானா செத்துடும் அண்ணே. அதுக்காகக் கை கழுவாம இருக்க முடியாது லா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங்குக்குக் காலை 7.30 பஸ், டிக்கெட் இரண்டு வெள்ளி பத்து காசு. நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் மலை வளைவுகளால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. வயிறு புரட்டும், முன்னால் உட்காருங்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் செம்மண் பாதை, டாக்சிக்கு ஆறு வெள்ளி.

"ஆஸ்பத்திரிக்கா? அத மூடியாச்சி அண்ணே, இப்ப உர ஸ்டோரு," என்றார் டிரைவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போகச் சொன்னேன்.

அங்கே பாக்கியம் அக்கா, பிடிகளையும் தட்டுகளையும் பற்றி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அழவில்லை.

"தெனம் ரெண்டு வேள மருந்துத் தண்ணி போட்டுத் தொடச்சேன்யா. எங்கயோ ஒரு எடத்த விட்டுட்டேன் போலன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருக்கேன்." பிறகு எழுந்தார். "இத முனியாண்டிகிட்ட வந்து சொல்லு. பொண்டாட்டி அந்த வார்டுல செத்ததுலேர்ந்து அவன் என் மொகத்தப் பாக்கிறதில்ல."

இதற்கு நான் தயாராக வரவில்லை. ஆனாலும் நடந்தேன். ஆறு வீடு தள்ளி, முனியாண்டி பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பித்தளையே இருந்திருந்தா செல்வி பொழச்சிருப்பாளா?"

"தெரியாதுங்க. கையில வந்திருக்கலாம், துணியில வந்திருக்கலாம். ஆனா நான் மாட்டின பிடியில கிருமி சாகாது. அக்கா தொடச்சிட்டுப் போனப்புறம் இன்னொரு கை பட்டாப் போதும், மறுபடி ஒட்டிக்கும்."

கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ போ," என்றார் என்னிடம். பிறகு, வாசலில் ஒதுங்கி நின்ற அக்காவைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்கக்கா."

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டத்துக்குள் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். மதியத்துக்குமேல் மழை பிடித்தால் செம்மண் பாதையில் டாக்சி வராது. நான் நடந்தே ரோட்டுக்கு வந்தேன், இரண்டு மணி நேரம் ஆனது. கடைசி பஸ் 5.30-க்கு.

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் போனேன். ஆகவில்லை. பாக்கியம் அக்கா தனியாகச் சுமந்ததில் ஒரு பங்கு இப்போது என்னிடம் இருக்கிறது. அது முதலிலேயே என்னிடம் இருந்திருக்க வேண்டியது.