பஞ்சாரத்துக்குள் ஒரு கால்தடம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பஞ்சாரம் தொங்குகிறது. கோழியை மூடி வைக்கிற மூங்கில் கூடைதான். வீட்டில் கோழி வளர்ப்பது நின்று பல வருஷமாயிற்று. எதற்கு இன்னும் இது என்று யாராவது கேட்டால், என் அண்ணன் மனைவி, மதினி, "அதுக்குள்ளதான் எங்க கொழுந்தனாரோட பறவை இருக்கு" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. அங்கே என்னோடு இருந்த ஃபிட்டருக்கும் எனக்கும் பறவை பார்க்கிற கிறுக்கு ஒன்றாகவே பிடித்தது. ஷிப்ட் முடிந்ததும் ஊர்க் குளத்தங்கரைக்குப் போய்விடுவோம். முக்குளிப்பான், நாமக்கோழி, கொக்கு என்று தினமும் அதே முகங்கள்தான். ஆனால் கடலோரத்து ரோஸ் நிறப் பூநாரை ஒன்று எங்கள் குளத்தில் இறங்கி நான் பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை. கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். நான் போகாத நாளில் அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தே, கல்யாண வீடுகளில் மொய்யை எழுதிவிட்டுச் சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறேன்.

ஃபிட்டர் ஒருநாள், அது இங்கே வருமென்று காத்திருந்தால் கிழவனாகிவிடுவோம், தனுஷ்கோடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். கடற்கரையில் இறங்கியதும் வீட்டுக்குப் பேச எடுத்த போனை அணைக்கச் சொன்னார், சத்தத்துக்குப் பறந்துவிடுமாம். அணைத்தேன். வெகு தூரத்தில், கானல் நெளிவுக்கு நடுவே, வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. அது நகர்ந்ததால்தான் பறவைகள் என்று நம்பினோம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் போனைத் திறந்தால் மதினி வரிசையாகக் கூப்பிட்டிருந்தார். யாருக்கு என்ன ஆயிற்றோ. கூப்பிட்டேன்.

"வீட்ல எல்லாரும் சுகந்தான். குளத்துல ஒண்ணு வந்து நின்னுச்சு. காலு ரெண்டும் குச்சி மாதிரி, அம்புட்டு நீளம். தலையத் தலைகீழாக் கவுத்துச் சேத்தை அலசுச்சு. செத்த நேரத்துக்கு முந்திதான் எந்திரிச்சுப் போச்சு."

அன்றைக்கென்று நான் குளத்தில் இல்லை. ஊர் வரும்வரை ஃபிட்டர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் மதினி எங்கள் இருவரையும் குளத்துக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் ஓரத்துச் சேற்றில் எங்கள் வீட்டுப் பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. மேலே ஒரு கல், சுற்றிலும் கருவேல முள். முதல்நாள் மாட்டுக்குப் புல்லறுக்க வந்த மதினி, புல்லை மறந்து அது பறக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு வீட்டுக்கு ஓடி, அடைக்கோழியைத் துரத்திவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கி வந்திருக்கிறார்.

"அடை வச்சிருக்கீகளாக்கா? குஞ்சு எப்ப பொரிக்கும்?" என்றார் ஃபிட்டர்.

மதினி அவரைச் சட்டை செய்யவில்லை. என்னிடம், "பறவையப் புடிச்சு வைக்க முடியல. ஆடு மிதிக்கிறதுக்குள்ள இதையாச்சும் மூடி வச்சேன்" என்று சொல்லிப் பஞ்சாரத்தைத் தூக்கினார்.

உள்ளே ஒரு கால்தடம். மூன்று விரல்கள், விரல்களுக்கு நடுவே சவ்வு பதிந்த மெல்லிய வளைவு. பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. முதல்நாள் கடலோரத்தில் பார்த்தது கோடு. இது கால். நான் காவல் இல்லாத நாளிலும் எங்கள் குளத்துக்கு அது வந்து, வயிறாரத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

அதன்பிறகு இன்றுவரை வரவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் எது இறங்கினாலும் அடுத்த நிமிஷம் போனில் படம் வந்துவிடுகிறது. எந்தப் படமும் அந்தச் சேற்றுத் தடம் அளவுக்கு என் கண்ணில் நிற்பதில்லை.

போன மாதம் மறுபடி தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். நான் கேஸை இரண்டாம் தடவை பார்க்கப் போனபோது, மதினி சுவரிலிருந்து பஞ்சாரத்தை இறக்கி, தூசி தட்டி, புல்லறுக்கும் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கெளம்புங்க கொழுந்தனாரே. வந்தா மூடி வைக்கிறேன்."

அன்று நான் பாதி வழியில் திரும்பவில்லை.